கார்டு புதுப்பிச்சாச்சா? – வாத்தியார் வேலை தேடின வரலாறு

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு டிராஃப்ட்லயே தூங்கிக்கிட்டிருந்த பதிவு இது. கொஞ்சம் நீளம். டீ, காபி எதாவது கையில வச்சிக்கிட்டு உட்காருங்க.

நம்ம வலைப்பதிவர் கூட்டத்துல வாத்தியார் வீட்டுப் பிள்ளைங்களை எண்ண ஆரம்பிச்சா பாதிக்கு மேல தேறும்னு நினைக்கிறேன். அப்பா வாத்தியார், அம்மா டீச்சர், இல்லேன்னா ஒரு சித்தப்பாவாவது ஹெட்மாஸ்டர். ஆனா ஆசிரியர்களைப் பத்தி எழுதறப்போ நாம எழுதறது எல்லாம் வகுப்புக்குள்ள நடந்த கதைதான். பிரம்படி, செல்லப்பேர், ஆண்டுவிழா, அப்புறம் செப்டம்பர் 5 வந்தா ஒரு கவிதை. அவங்க அந்த வகுப்புக்குள்ள எப்படி நுழைஞ்சாங்கங்கிறதை யாரும் எழுதறதில்லை. யார் கையில வேலை இருந்துச்சு, அதை வாங்க என்னத்தைத் தயார் பண்ண வேண்டியிருந்துச்சு? இந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டுல இருநூறு வருஷத்துல பதில் அஞ்சாறு தடவை மாறியிருக்கு. மாறும்போதெல்லாம் நடுவழியில நின்னவங்கதான் அடி வாங்கியிருக்காங்க.

முதல்ல திண்ணையில இருந்து தொடங்குவோம். 1822-ல சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ எல்லா ஜில்லா கலெக்டர்களுக்கும் ஒரு ஓலை அனுப்பினார். உங்க ஜில்லாவுல எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை பசங்க, கணக்கு குடுங்கன்னு. பதில் எல்லாம் வந்து சேர நாலு வருஷம் ஆச்சு (அரசாங்க ஃபைல் அப்பவே அப்படித்தான்). 1826 மார்ச்சுல மன்றோ எழுதின குறிப்புல மாகாணம் முழுக்க 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள்னு கணக்கு இருக்கு. இந்த எண்ணை வச்சு வெள்ளைக்காரன் வர்றதுக்கு முந்தி நம்ம கல்வி எப்படி இருந்துச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் சண்டை போட்டுக்கிட்டிருக்காங்க. அந்தச் சண்டைக்குள்ள நான் போகல. எனக்கு அந்தக் குறிப்புல பிடிச்சது வேற ஒரு இடம். ஆசிரியர்களுக்கு மாசம் ஆறு, ஏழு ரூபாய்க்கு மேல கிடைக்கிறதில்லை, தகுதியான ஆள் இந்தத் தொழிலுக்கு வர அது பத்தாதுன்னு மன்றோ சொல்றார். ஜில்லாவுக்கு ரெண்டு பெரிய பள்ளி வச்சு அதுல வாத்தியாருக்கு 15 ரூபாய், தாசில்தார் பள்ளியில 9 ரூபாய் குடுக்கலாம்னு திட்டம் போட்டார். 1827-ல காலரா வந்து போய்ச் சேர்ந்துட்டார். திட்டமும் கொஞ்ச வருஷத்துல படுத்துக்கிச்சு.

திண்ணைப் பள்ளிக்கு விண்ணப்பம், நேர்காணல் எல்லாம் கிடையாது. ஊர்ல நாலு பெரிய வீடு ஒத்துக்கிட்டா வாத்தியார். நெல்லு, காசு, பண்டிகைக்கு வேட்டின்னு கலந்து கட்டின கூலி. அந்த நாலு வீட்டுல ஒரு வீடு முகத்தைத் திருப்பிக்கிட்டா வேலை போச்சு. அதுக்கு மேல சாதி. திண்ணையில யார் உட்காரலாம்கிறதே ஊர் கட்டுப்பாடா இருந்தப்போ, யார் சொல்லிக் குடுக்கலாம்கிறதைப் பத்திப் பேசவே வேணாம்.

அடுத்த காலம் சிபாரிசுக் காலம். இதுக்கு நம்மகிட்ட ஒரு அருமையான சாட்சி இருக்கார். உ.வே.சாமிநாதையர். அவரோட 'என் சரித்திரம்' 1940-லேருந்து ஆனந்த விகடன்ல தொடரா வந்துச்சு. தாத்தா ஏடு தேடின கதையைத்தான் எல்லாரும் சொல்லுவாங்க. அவர் வேலைக்குப் போன கதையும் அதே அளவு சுவாரஸ்யம். கும்பகோணம் காலேஜ்ல தமிழ்ப் பண்டிதரா இருந்த தியாகராச செட்டியார் ஓய்வு பெறப் போறார். தனக்கு அப்புறம் அந்த நாற்காலியில இவர்தான் உட்காரணும்னு முடிவு பண்ணி, திருவாவடுதுறை மடத்துல இருந்த உ.வே.சா.வைத் தேடிப்போய்க் கூட்டிட்டு வர்றார். மடத்துலயோ இவரை விட மனசில்லை. செட்டியார் விடல. ஆதீனகர்த்தர் சுப்பிரமணிய தேசிகரைச் சம்மதிக்க வைக்கிறார், காலேஜ் பெரியவங்ககிட்ட சொல்லி வைக்கிறார். அவங்களும் இவரைச் சோதிச்சுப் பார்த்துட்டுத்தான் எடுத்துக்கிட்டாங்க. 1880 பிப்ரவரியில உ.வே.சா. வேலையில சேர்ந்தார். செட்டியார் மட்டும் வேற யாரையாவது கைகாட்டியிருந்தா சீவக சிந்தாமணி பதிப்பு என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சா கொஞ்சம் பயமா இருக்கு.

சிபாரிசுன்னா நமக்கு இப்போ கெட்ட வார்த்தை. அந்தக் காலத்துல அது ஒண்ணுதான் வழி. நல்ல ஆள் கையில இருந்தா உ.வே.சா. கிடைச்சார். மத்த இடத்துல மச்சினன் கிடைச்சிருப்பான். மடத்துக்கும் காலேஜுக்கும் பக்கத்துலயே வர முடியாத சாதிகள்ல பிறந்த படிச்ச பையனுக்கு எந்தச் செட்டியாரும் கிடைச்சிருக்க மாட்டார்.

இன்னொரு பெரிய ஆள், லீவ் வேகன்ஸி வாத்தியார். நம்ம பாரதியார்தான். 1904 ஆகஸ்ட்ல மதுரை சேதுபதி ஹைஸ்கூல்ல சேர்ந்தார். இருந்தவர் விடுப்புல போன இடத்துக்குத் தற்காலிகப் பண்டிதர். நவம்பர் வரைக்கும்தான், மூணு மாசத்துச் சொச்சம். அப்புறம் சென்னைக்கு, 'சுதேசமித்திர'னுக்குப் போயிட்டார். தற்காலிக ஆசிரியர்னு யாராவது மட்டமாப் பேசினா இந்தப் பேரைச் சொல்லுங்க :-)

இதுக்கு இடையில வெள்ளைக்காரன் இன்னொரு வழியையும் திறந்து வச்சிருந்தான். பயிற்சிச் சான்றிதழ். 1856-ல சென்னையில அரசு நார்மல் ஸ்கூல் ஆரம்பிச்சாங்க, அதுதான் பின்னாடி சைதாப்பேட்டைக்குப் போய் ஆசிரியர் கல்லூரி ஆச்சு. பி.ஏ. முடிச்சுட்டு அங்க படிச்சா எல்.டி. பட்டம். பழைய புஸ்தகங்கள்ல ஆசிரியர் பேருக்குப் பின்னாடி 'பி.ஏ., எல்.டி.'ன்னு போட்டிருக்கும், பார்த்திருப்பீங்க. எல்.டி. போய் பி.டி. வந்துச்சு, பி.டி. போய் பி.எட். வந்துச்சு. ஆனா இன்னிக்கும் பட்டதாரி ஆசிரியருக்கு ஸ்டாஃப் ரூம்ல பேர் 'பி.டி. அசிஸ்டெண்ட்'தான். பட்டம் செத்தும் பதவியில வாழுது.

இந்த நார்மல் ஸ்கூல் வழி வந்த ஒரு சடங்கு கிரிட்டிசிசம் கிளாஸ். பயிற்சி மாணவர் பாடம் நடத்துவார், பின் பெஞ்சுல கூடப் படிக்கிறவங்களும் ஆசிரியரும் உட்கார்ந்து குறிப்பெடுப்பாங்க, முடிஞ்சதும் தோலை உரிப்பாங்க. கூடவே ஜெர்மன்காரர் ஹெர்பார்ட் பேரைச் சொல்லி அவர் சீடர்கள் கட்டின அஞ்சு படி – ஆயத்தம், எடுத்துரைத்தல்னு ஆரம்பிக்கிற பாடக்குறிப்பு. பி.எட். படிச்சவங்க வீட்டுல தேடிப்பாருங்க, அட்டை போட்ட அந்த ரெக்கார்டு நோட்டு பரண்ல எங்கயாவது இருக்கும். தனியார் பள்ளிக்கு வேலைக்குப் போனா 'ஒரு டெமோ கிளாஸ் எடுங்க'ன்னு சொல்றாங்க பாருங்க, அது இந்தக் கிரிட்டிசிசம் கிளாஸோட பேத்தி.

இந்தச் சான்றிதழ் யாருக்கு நிஜமா கதவைத் திறந்துச்சுன்னு கேட்டா, பெண்களுக்குத்தான். அதுலயும் குறிப்பா இளம் விதவைகளுக்கு. ஆர்.எஸ்.சுப்புலட்சுமி, சகோதரி சுப்புலட்சுமின்னு சொல்லுவாங்க, சின்ன வயசுலயே கணவரை இழந்தவர். 1911-ல பட்டம் வாங்கி, எல்.டி.யும் முடிச்சு, இளம் விதவைகளுக்காக ஒரு விடுதி ஆரம்பிச்சார். கொஞ்ச வருஷத்துல அது கடற்கரை ஐஸ் ஹவுஸ் கட்டடத்துக்கு வந்துச்சு (இப்போ விவேகானந்தர் இல்லம்). தலையை மழிச்சு சமையலறையில ஒதுக்கி வச்ச பிள்ளைங்களைப் படிக்க வச்சு டீச்சர் ஆக்கி அனுப்பினாங்க. 1922-ல லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி வந்தப்புறம் அந்த வழி இன்னும் அகலமாச்சு. பெண்கள் பள்ளிக்குப் பெண் ஆசிரியர்தான் வேணும்னு சமூகம் அடம்பிடிச்சதுல நடந்த ஒரே நல்ல காரியம் இது.

போர்டு ஸ்கூல் காலத்தைக் கொஞ்சம் வேகமாக் கடந்துடறேன், எல்லாரும் கேட்ட கதைதான். ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, முனிசிபாலிட்டி. ஸ்கூல் அவங்களோடது, அதனால நியமனமும் அவங்க கையில. போர்டு தலைவர் வீட்டு வாசல்ல காத்திருக்கணும். வேண்டாதவனைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்தறதுக்கும் அதே வாசல்தான். 1958 சட்டத்துக்கு அப்புறம் ஊராட்சி ஒன்றியங்கள் வந்து தொடக்கப் பள்ளிகளை எடுத்துக்கிச்சு, அப்போ ஒன்றியத் தலைவர் வாசல். 1981 ஜூன் 1-லேருந்துதான் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர் ஆனாங்க.

நடுவுல காமராஜர் காலத்தை மட்டும் தனியாச் சொல்லணும். பள்ளியே இல்லாத ஊர்கள்ல ஓராசிரியர் பள்ளிகளா திறந்துக்கிட்டே போனாங்க. 1955-ல உதவிபெறும் பள்ளி ஆசிரியருக்கும் ஓய்வூதியம், சேமநல நிதி, காப்பீடுன்னு மூணும் சேர்ந்து வந்துச்சு. வாத்தியார் வேலைங்கிறது வறுமையில இருந்து 'நிம்மதி'ங்கிற இடத்துக்கு நகர்ந்தது அப்போதான். பொண்ணு குடுக்கறவங்க வாத்தியார் மாப்பிள்ளையைத் தேட ஆரம்பிச்சதும் அதுக்கப்புறம்தான்னு எங்க தாத்தா சொல்லுவார். நிம்மதியான வேலைன்னா அதுக்கு முன்னாடி க்யூ நிக்கும் இல்லையா? நின்னுச்சு.

அந்த க்யூவுக்குப் பேர் பதிவு மூப்பு.

வேலைவாய்ப்பு அலுவலகங்கள் 1945-ல பிறந்தது நம்மளுக்காக இல்லை. ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சு வீட்டுக்கு வந்த சிப்பாய்களுக்கு வேலை தேடித்தர. அப்புறம் எல்லாருக்கும் திறந்தாங்க. 1959-ல காலிப் பணியிடங்களை அங்க கட்டாயம் தெரிவிக்கணும்னு மத்திய அரசு ஒரு சட்டம் போட்டுச்சு. எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் வந்த மறுவாரம் மாவட்டத் தலைநகருக்கு பஸ் ஏறி, வரிசையில நின்னு பதிஞ்சு ஒரு கார்டு வாங்கறது எழுபது, எண்பதுகள்ல ஒரு சடங்கு மாதிரி. காது குத்து, கல்யாணத்துக்கு நடுவுல ஒண்ணு. டிப்ளமோ, டிகிரி, பி.எட். முடிக்க முடிக்க கார்டுல ஏத்தணும். முதுகலையும் பி.எட்.டும் முடிச்சவங்க சென்னையிலயோ மதுரையிலயோ இருந்த தொழில் மற்றும் செயல் வேலைவாய்ப்பு அலுவலகத்துல பதியணும். மூணு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். விட்டா போச்சு. மூப்பு போயிடும்.

இப்போ கேலியா இருக்கலாம். ஆனா அந்தக் கார்டை எனக்குக் கேலி பண்ண மனசு வராது. முதல் தடவையா ஒரு கூலிக்காரர் மகனுக்கும் ஒன்றியத் தலைவர் மகனுக்கும் ஒரே கேள்விதான்: நீ என்னிக்குப் பதிஞ்சே? நேர்காணல்ல உன் சட்டையைப் பார்க்கிற ஆள் இல்லை, அப்பா பேரைக் கேக்கிற ஆள் இல்லை. இட ஒதுக்கீட்டுச் சுழற்சி தனியா ஓடும். ஆதரவற்ற விதவைக்கு முன்னுரிமை, கலப்புத் திருமணம் செஞ்சவங்களுக்கு முன்னுரிமை, முன்னாள் ராணுவத்தினர் குடும்பத்துக்கு முன்னுரிமை. மிச்சம் எல்லாம் தேதி.

அதுக்கு விலையும் இருந்துச்சு. எங்க சித்தி 1987-ல டி.டி.சி. முடிச்சு பதிஞ்சாங்க. அப்ப அவங்களுக்கு 20 வயசு. கார்டு ஒரு ஹார்லிக்ஸ் டப்பாவுக்குள்ள, ரேஷன் கார்டுக்குக் கீழ இருக்கும். மூணு வருஷத்துக்கு ஒருக்கா எங்க பாட்டி காலண்டரைப் பார்த்துட்டு 'ஏட்டி, கார்டு புதுப்பிச்சாச்சா?'ன்னு கேப்பாங்க. அந்த நாள்ல சித்தப்பாவுக்குக் காய்ச்சல்னாலும் சித்தி பஸ் ஏறிடுவாங்க. எத்தனை தடவைன்னு எண்ணிப் பாருங்க. 90, 93, 96, 99, 2002, 2005.

சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா? டவுன்ல ஒரு மெட்ரிக் பள்ளிக்கு (பேர் வேணாம்) வேலைக்குப் போனாங்க. எண்பதுகள்ல மூலைக்கு மூலை முளைச்ச இங்கிலீஷ் மீடியம் பள்ளிகள் எல்லாம் இவங்களை மாதிரி க்யூவுல நிக்கிற பயிற்சி பெற்ற பெண்களை வச்சுத்தான் ஓடுச்சு, இதை யாரும் கணக்குல எழுதறதில்லை. மே மாசம் பேப்பர்ல 'ஆசிரியைகள் தேவை'ன்னு கட்டம் கட்டி வரும். சித்தி போன நேர்காணல்ல கரஸ்பாண்டென்ட் கேட்ட முதல் கேள்வி, கல்யாணம் ஆச்சா. ரெண்டாவது, எப்ப ஆகும். அப்புறம்தான் டெமோ கிளாஸ். தமிழ் மீடியத்துல படிச்ச சித்தி அஞ்சு புலன்கள் பாடத்தை இங்கிலீஷ்ல வரிக்கு வரி எழுதி, மூணு நாள் மாட்டுக்கொட்டாயில நின்னு ஒப்பிச்சுப் பழகினாங்க. மாட்டுக்கும் அஞ்சு புலன் மனப்பாடம் ஆகியிருக்கும். வேலை கிடைச்சது, மாசம் 350 ரூபாய். கையெழுத்து போடற ரெஜிஸ்டர்ல வேற தொகை. அதைக் கேக்கக் கூடாதுன்னு கூட வேலை பார்த்த டீச்சருங்க முதல் நாளே சொல்லிட்டாங்களாம்.

சித்தி இங்க புதுப்பிச்சுக்கிட்டிருந்தப்போ அங்க விதி ஒவ்வொண்ணா நகர ஆரம்பிச்சது. 1987-லயே ஆசிரியர் தேர்வு வாரியம்னு தனியா ஒண்ணு வந்தாச்சு. நாம டி.ஆர்.பி.ன்னு சொல்றது. 1996-ல உச்ச நீதிமன்றம், ஆந்திரா வழக்கு ஒண்ணுல, வேலைவாய்ப்பு அலுவலகம் அனுப்பற பேரை மட்டும் பார்த்தா போதாது, பத்திரிகையிலயும் விளம்பரம் குடுத்து விண்ணப்பிக்கிற எல்லாரையும் பரிசீலிக்கணும்னு சொல்லிச்சு. நியாயம்தான். பதியவே வாய்ப்பில்லாதவன் என்ன பண்ணுவான்? ஆனா அந்த நியாயம் கார்டோட அடிமடியில கை வச்சிடுச்சு. அதே சமயம் டிப்ளமோ குடுக்கிற தனியார் பயிற்சி நிறுவனங்கள் நூத்துக்கணக்குல பெருகுச்சு. க்யூவுக்குப் பின்னாடி வாலு நீண்டுக்கிட்டே போச்சு, முன்னாடி நகரவே இல்லை.

2003 எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ஜூலையில அரசு ஊழியர், ஆசிரியர் வேலைநிறுத்தம். ஒன்றரை லட்சத்துக்கும் மேல ஒரே உத்தரவுல டிஸ்மிஸ், எஸ்மா சட்டம். அதுக்குள்ள போனா தனிப் பதிவு ஆயிடும். வேலை தேடறவங்க பக்கம் அந்தச் சமயத்துல நடந்தது தொகுப்பூதியம். புதுசா எடுத்த ஆசிரியர்களுக்குக் காலமுறை ஊதியம் கிடையாது. இடைநிலை ஆசிரியருக்கு 3,000, பட்டதாரி ஆசிரியருக்கு 4,000, முதுகலை ஆசிரியருக்கு 4,500. அவ்ளோதான்.

சித்திக்கு ஆர்டர் வந்தது 2005-ல. பதினெட்டு வருஷம் கழிச்சு, 38 வயசுல, 3,000 ரூபாய்க்கு. தெருவே இனிப்பு சாப்பிட்டோம். 2006 ஜூன் 1 தேதியிட்டுக் காலமுறை ஊதியத்துக்கு மாத்தினாங்க, இன்னொரு தடவை இனிப்பு. ஆனா 2003 ஏப்ரல் 1-க்கு அப்புறம் சேர்ந்தவங்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை, பங்களிப்பு ஓய்வூதியம்தான்னு ஏற்கனவே விதி மாறியிருந்துச்சு. சித்தியோட டி.டி.சி. படிச்சு, வேற மாவட்டத்துல பதிஞ்ச தோழி ஒருத்தங்களுக்கு தொண்ணூறுகள்லயே வேலை வந்துடுச்சு. ஒரே படிப்பு, ஒரே வருஷம். ஒருத்தருக்கு முழு ஓய்வூதியம், இன்னொருத்தருக்கு இல்லை. இதுல யார் மேல கோபப்படறது? சித்தி யார் மேலயும் படல. எனக்குத்தான் வருது.

2006-லேருந்து 2011 வரைக்கும் திரும்பவும் பதிவு மூப்புக்கு உயிர் வந்துச்சு. 2010 செப்டம்பர்ல பதிவையும் புதுப்பிக்கிறதையும் இணையத்துல கொண்டு வந்தாங்க, பஸ் செலவு மிச்சம். ஆனா அதுக்கு ஒரு மாசம் முன்னாடியே டெல்லியில வேற ஒரு காகிதம் வெளிவந்திருந்துச்சு. கட்டாயக் கல்விச் சட்டம் 2009-ஐ ஒட்டி, 2010 ஆகஸ்ட் 23-ல தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் போட்ட அறிவிக்கை. ஒண்ணாவதுலேருந்து எட்டாவது வரைக்கும் பாடம் நடத்தணும்னா தகுதித் தேர்வு எழுதித் தேறணும். டெட்.

தமிழ்நாட்டுல முதல் டெட் 2012 ஜூலை 12. 150 கேள்வி, 150 மார்க், தேற 90. ஒன்றரை மணி நேரம்தான் குடுத்தாங்க. ஒரு கேள்விக்கு 36 செகண்ட்! படிச்சுப் புரிஞ்சு வட்டத்தை நிரப்பணும். ஆறரை லட்சத்துக்கும் மேல எழுதினதுல தேறினது 2,448 பேர். ஆயிரத்துக்கு நாலு பேர்கூட இல்லை. 'வாத்தியாருங்க லட்சணம் பாரு'ன்னு பேப்பர்லயும் டீக்கடையிலயும் ஊரே சிரிச்சுது. அந்த ஆறரை லட்சம் பேர்ல பெரும்பாலானவங்க அதுவரைக்கும் தயார் பண்ணி வச்சிருந்தது கார்டும் சான்றிதழும்தான்னு யாரும் யோசிக்கல. அக்டோபர் 14-ல மறுதேர்வு வச்சு மூணு மணி நேரம் குடுத்தப்போ 19 ஆயிரத்துக்கும் மேல தேறினாங்க. மூணே மாசத்துல லட்சணம் எட்டு மடங்கு கூடுமா என்ன?

அப்போ ஊர் ஊரா தொடங்கின கோச்சிங் சென்டர்களை நீங்களும் பார்த்திருப்பீங்க. கல்யாண மண்டபத்துல மைக் வச்சு வகுப்பு. நாப்பது வயசு அக்காக்கள் எல்லாம் பியாஜே, கோல்பெர்க், வைகாட்ஸ்கின்னு நிலைகளை ஒப்பிச்சுக்கிட்டே பஸ்ஸுல போனாங்க. குழந்தை வளர்ச்சியும் உளவியலும் 30 மார்க்காச்சே. ரெண்டு பிள்ளை பெத்து வளர்த்தவங்களுக்குக் குழந்தை வளர்ச்சி தெரியுமான்னு பரீட்சை! பெத்த பிள்ளையோட ஏழாம் வகுப்பு சமச்சீர் புஸ்தகத்தைப் பிடுங்கி அம்மா படிக்க, பிள்ளை 'என் புக்கைக் குடும்மா'ன்னு அழுத வீடு ஒண்ணு எனக்கு நேர்ல தெரியும்.

தேறினா வேலையா? இல்லை. வெயிட்டேஜ். இதை நிதானமா படிங்க, இங்கதான் பலரோட வாழ்க்கை மாட்டிக்கிச்சு. பட்டதாரி ஆசிரியருக்கு நூத்துக்கு டெட் 60, பிளஸ் டூ 10, டிகிரி 15, பி.எட். 15. முதல்ல 2012 அக்டோபர்ல வந்த அரசாணை 252 படி பட்டை பட்டையா மார்க். டெட்ல 60 சதவீதம் எடுத்தவருக்கும் 69 எடுத்தவருக்கும் ஒரே 42 தான். 70-ஐத் தொட்டா 48. ஒரு கேள்வியில ஆறு மார்க் தாண்டும். இது சரியில்லைன்னு சென்னை உயர் நீதிமன்றம் 2014-ல சொன்னப்புறம், அந்த மே மாசமே அரசாணை 71 வந்துச்சு. இப்போ எடுத்த சதவீதத்துக்கு நேர் கணக்கு.

நேர் கணக்குன்னா நியாயமாத்தானே தோணுது? போட்டுப் பாருங்க. 1988-ல பிளஸ் டூவுல 1,200-க்கு 650 எடுத்தவர் அந்த ஊர்ல கெட்டிக்காரர். 2010-ல 1,050 எடுத்த பிள்ளை வகுப்புல பத்தோட பதினொண்ணு. பிளஸ் டூவுக்கு மட்டும் முதலாமவருக்கு 5.42, ரெண்டாமவருக்கு 8.75. இந்த மூணே கால் மார்க் சொச்சத்தை ஈடுகட்ட மூத்தவர் டெட்ல எட்டு மார்க்குக்கு மேல கூட எடுக்கணும். அவர் பக்கத்துல இருந்த ஒரே சொத்து காத்திருந்த வருஷங்கள். பதிவு மூப்புல அந்த வருஷங்களுக்கு மதிப்பு இருந்துச்சு. வெயிட்டேஜ்ல அதே வருஷங்கள் அவரைக் கீழ இழுத்துச்சு. மூப்பே முறையானதா இல்லையாங்கிறது வேற விவாதம், நானே தேர்வு வேணும்னு சொல்ற கட்சிதான். ஆனா க்யூவுல இருபது வருஷம் நின்னவரைப் பார்த்து, க்யூவைத் திருப்பி வச்சு, நீங்க இப்போ கடைசின்னு சொல்றதுக்கு என்ன பேர்?

வழக்கு மேல வழக்கு. இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 சதவீத மார்க் தளர்வு, அதாவது 82 எடுத்தா போதும்னு 2014 பிப்ரவரியில வந்த அரசாணை 25, மதுரைக் கிளையில ரத்தாகி, 2016 நவம்பர்ல உச்ச நீதிமன்றத்துல நின்னுச்சு. 2018 ஜூலையில வெயிட்டேஜையே தூக்கிட்டாங்க. அப்பாடான்னு மூச்சு விடறதுக்குள்ள அரசாணை 149: டெட் தகுதி மட்டும்தான், வேலைக்கு இன்னொரு போட்டித் தேர்வு எழுதணும். 2013 ஆகஸ்ட்ல தேறிட்டு வேலைக்குக் காத்திருந்தவங்க நிலைமையை யோசிச்சுப் பாருங்க. தேறிட்டாங்க, ஆனா திரும்பவும் பரீட்சை.

2023 செப்டம்பர் கடைசியில அவங்கள்ல பலர் சென்னை டி.பி.ஐ. வளாகத்துல வந்து உட்கார்ந்தாங்க (2022-ல பேராசிரியர் அன்பழகன் வளாகம்னு பேர் மாறிச்சு, ஆட்டோக்காரங்களுக்கு இன்னும் டி.பி.ஐ.தான்). கூடவே 'சம வேலைக்குச் சம ஊதியம்' கேட்டு இடைநிலை ஆசிரியர்கள், 2012-ல மாசம் 5,000 ரூபாய்க்கு எடுத்த பகுதி நேர ஆசிரியர்கள். மூணு விதமான வேலை தேடல், ஒரே மைதானம். அக்டோபர் 5 காலையில போலீஸ் எல்லாரையும் அப்புறப்படுத்துச்சு. அந்த மாசமே நேரடி நியமனத்துக்கு உச்ச வயது வரம்பைப் பொதுப் பிரிவுக்கு 53, மத்தவங்களுக்கு 58-ன்னு உயர்த்தப் போறதா அரசு அறிவிச்சது. ஓய்வு பெறும் வயசு 60. இந்த ரெண்டு எண்ணையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தப்போ எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, வேற என்னவோவும் வந்துச்சு.

இடைநிலை ஆசிரியருக்கான அந்தப் போட்டித் தேர்வு 2024 ஜூலை 21-ல நடந்துச்சு. இடம் 2,768. முதல்ல தமிழ்த் தகுதித்தாள், அதுல தேறினாத்தான் அடுத்த தாளைத் திருத்துவாங்க. சித்திக்கு இந்தத் தொல்லை இல்லைன்னு நினைச்சுக்கிட்டிருந்தோம். 2025 செப்டம்பர் 1-ல உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொல்லிச்சு. ஏற்கனவே வேலையில இருக்கிறவங்களும், ஓய்வுக்கு அஞ்சு வருஷத்துக்கு மேல இருந்தா, ரெண்டு வருஷத்துக்குள்ள டெட் தேறணும், இல்லேன்னா வேலையை விட்டுப் போகணும்னு. சித்திக்கு ஓய்வுக்கு ரெண்டு வருஷம்தான் பாக்கி இருந்துச்சு, தப்பிச்சாங்க. ஆனா பதவி உயர்வு வேணும்னா அவங்களும் எழுதணும்னு அதே தீர்ப்புல இருந்துச்சு. 'எனக்கு எதுக்குய்யா இனிமே ஹெட்மாஸ்டர் நாற்காலி, பிள்ளைங்க முகத்தைப் பார்த்துக்கிட்டே போயிடறேன்'னாங்க. அவங்க ஸ்கூல்ல கூட வேலை பார்க்கிற நாப்பத்தஞ்சு வயசு டீச்சர் ஒருத்தங்களுக்கு அந்த வசதி இல்லை. சாயங்காலம் ஸ்கூல் விட்டப்புறம் சித்திதான் அவங்களுக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்தாங்க.

டிஸ்கி: இதுல கல்லூரி ஆசிரியர், சிறப்பாசிரியர், உதவிபெறும் பள்ளி 'டொனேஷன்' விவகாரம் எல்லாம் தொடல. கடைசியில சொன்னதுக்கு ஒரு பதிவு பத்தாது, ஒரு வக்கீலும் வேணும். உங்க வீட்டுப் பரண்ல ஜில்லா போர்டு காலத்து நியமன ஆர்டர், எல்.டி. பாடக்குறிப்பு நோட்டு, முத்திரை குத்தின பழைய வேலைவாய்ப்புக் கார்டு எதாவது கிடந்தா எடைக்குப் போட்டுடாதீங்க சாமி. அதுல என்ன எழுதியிருக்குன்னு ஒரு பதிவாவது போடுங்க, ஓடி வந்து படிக்கிறேன்.